முகத்துவாரத்தில் இரண்டு கழிகள்

டில்லியில் கிடைக்கும் நண்டில் ருசியே இல்லை, கலைவாணி. நாள் கணக்கில் ஐஸில் கிடந்து வருவதை நண்டு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பழவேற்காட்டில் நண்டு ஏற்றுமதி செய்து மேலே வந்தவன் நான். வேறு எதில் என்னைச் சந்தேகித்தாலும் இதில் நம்பலாம்.

உட்கார். கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாளை என்னைக் கட்சியின் அகில இந்தியத் தலைவராக அறிவிக்கிறார்கள், இந்த நேரத்தில் எல்லோரிடமும் வாங்கித்தான் வைக்கிறார்கள். கழிகளை நகர்த்தியது நான்தானா என்று கேட்டாய். என் மேனேஜராக இருந்த உமர் பாய் சாகும் முன் உன்னிடம் சொல்லியிருக்கிறார். பாய் பொய் சொல்கிறவர் அல்ல. நான் படிக்க வைத்து, என் செயலாளராகவும் ஆக்கிய பெண் நீ. உனக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

நம் ஊர் கோட்டைக்குப்பத்தை விட்டுச் சின்ன வயதிலேயே வந்துவிட்டாய், அதனால் முறையைச் சொல்கிறேன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஒரு இடத்தில் நிற்காது. ஆழம் எங்கே என்று துழாவிப் பார்த்து இரண்டு பக்கமும் மூங்கில் கழி நட்டுத் துணி கட்டுவார்கள். நடுவே போனால் மீன்பிடிப் போட்டு மணலில் தட்டாமல் தப்பும். அந்த வேலை வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். முறைக்காரன் நட்ட கழியை இன்னொருவன் தொட்டுப் பார்க்கவே கூடாது. தொட்டால் அவன் சொல்லை நம்பவில்லை என்று அர்த்தம், ஊர் கூடித் தண்டம் போடும். எனக்குத் தெரிந்து யாரும் தொட்டதில்லை.

கழிகள் நகர்ந்த அந்த வாரம் முறை உன் நைனா தாமோதரனுடையது. தாமோதரன் கழி நட்டால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். அவன் மேல் ஊருக்கு அப்படி ஒரு பைத்தியம். எனக்கு ஐஸ் ஃபேக்டரி இருந்தது, லாரிகள் இருந்தன, பாதி ஊருக்கு வேலை கொடுத்தேன். ஆனாலும் சட்டசபைத் தேர்தலுக்கு ஊர் அவனைத்தான் சுயேச்சையாக நிறுத்தப் பார்த்தது. கட்சியில் எனக்குச் சீட்டு ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மீனவர் ஓட்டு உன்னிடம் இல்லையாமே என்று கேட்டார்கள். வயிறு எரிந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

அவனை நிறுத்துவது பற்றிப் பேச ஊர்க் கூட்டம் மதியத்தில் நடந்தது. தாமோதரன் பேசிக்கொண்டிருந்தான், நன்றாகத்தான் பேசினான். போன் வந்ததாகச் சொல்லி எழுந்து வெளியே வந்தேன். முகத்துவாரத்தில் ஆள் இல்லை. இரண்டு கழிகளைப் பிடுங்கி மணல் திட்டுப் பக்கமாகத் தள்ளி நட்டேன். துணியைக்கூட அவன் கட்டுகிற மாதிரியே கட்டினேன். சின்ன வயதில் எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஈர வேட்டியோடு நான் திரும்பியதை பாய் பார்த்திருக்கிறார்.

ஒரு போட்டு மணலில் தட்டி நிற்கும், ஊர் அவனைக் கேலி செய்யும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லி வந்தேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். மறுநாள் கடல் கொதிக்கும் என்று காற்றைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நானும் அந்த ஊர்க்காரன்தான். என்னுடைய இரண்டு போட்டுகளில் டீசல் நிரப்பி, ரப்பர் டியூப் ஏற்றி, கரையில் தயாராக வைத்திருந்தேன். ஃபேக்டரியைப் படம் எடுக்க என்று சென்னையிலிருந்து பத்திரிகைக்காரர்களை விடியற்காலையிலேயே வரவழைத்திருந்தேன்.

விடிந்ததும் வரிசையாகப் போன போட்டுகளை அலை திட்டின் மேல் தூக்கிப் போட்டது. பத்துப் பேருக்கு மேல் நானே தண்ணீரில் குதித்து இழுத்து வந்தேன். அது நடிப்பு இல்லை. ஏழு பேரை இழுக்க முடியவில்லை. அதில் ஒருவன் உன் அண்ணன். கரையில் நீ அழுதுகொண்டு நின்றாய், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பத்திரிகைக்காரர்கள் எடுத்த அந்தப் படம்தான் என்னை முதலில் சென்னைக் கோட்டைக்கும் பிறகு டில்லிக்கும் அழைத்து வந்தது. பீகாரில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. இன்னொருவன் கழியைத் தொடுவான் என்று அந்த ஊரில் எவருக்கும் நினைக்கவே வராது. உன் நைனாவுக்கும் வரவில்லை. தன் கைதான் தப்பிவிட்டது என்று ஊர் நடுவில் விழுந்து கும்பிட்டான். அதன் பிறகு அவன் வீட்டுக்கு முறை விடவில்லை.

"நீங்களே வந்து எங்க நைனாகிட்ட சொல்லணும் சித்தப்பா. தன் புள்ளைய தானே கொன்னுட்டதா இன்னும் நெனச்சினு கீறாரு" என்கிறாய். நியாயமான ஆசைதான். ஆனால் சொல்லி என்ன ஆகும்? ஊருக்கு ரோடு வந்திருக்கிறது, ஆஸ்பத்திரி வந்திருக்கிறது, எல்லாம் நான் கொண்டு வந்தது. அதையெல்லாம் அவர்கள் எந்த முகத்தோடு அனுபவிப்பார்கள்? நாளை நீ மேடையில் என் பக்கத்தில் நிற்கிறாய். அதன் பிறகு வெளிநாட்டில் ஒரு நல்ல வேலை பார்த்து வைத்திருக்கிறேன். உமர் பாய் சொன்னதைக் கேட்ட இன்னொரு ஆள் இருந்தால் பெயரை மட்டும் சொல்லிவிடு.

உன் நைனாவை நான் மறக்கவில்லை. போன மாதம்கூடப் பாதுகாப்பு ஆட்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை அவனுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூவரசா, கழிய நான் ஒழுங்காத்தானடா நட்டேன்? எங்கடா தப்பு பண்ணேன்?" என்றான்.

"உட்றா. மனுசன்னா கை தப்பத்தான் செய்யும்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

உண்மையாகவே அழுதேன், கலைவாணி. நீ போனில் பேசும்போது அவனிடம் சொல். என் மனதில் ஒன்றும் இல்லை. அவனை நான் மன்னித்துப் பல காலம் ஆகிறது.