மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடி

மேடையில் இருக்கும் பெரியோர்களே, மறைந்த வம்பண்ணனின் துணைவியாரான எங்கள் அண்ணியே, அவர் எழுத்தை ரசித்தும் திட்டியும் விடாமல் வாசித்த நண்பர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. அவருடைய பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். எழுதி வந்ததைத்தான் படிக்கிறேன். ஆனால் சற்றுமுன் இங்கே திரையிட்ட, அவரைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்தபின் பாதியை அடித்துவிட்டேன். தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்பேர்ப்பட்ட மனிதர் நம் ஆசிரியர் வம்பண்ணன்! டயர் கடைக்கு மேலே, ஒழுகும் அறையில், விளம்பரமே வாங்காமல் பத்திரிகை நடத்தினார். தோள்வரை தலைமுடி, எந்நேரமும் வெறுங்கால். அமைச்சரோ முதலாளியோ, பெயரைச் சொல்லித்தான் எழுதுவார்.

"அண்ணே, 'ஒரு பிரமுகர்'னு போட்டுக்கலாமா?" என்று நான் இழுப்பேன்.

"பிரமுகர்னு யாருக்காவது பேரு வச்சிருக்காங்களாய்யா? பயமா இருந்தா கண்ண மூடிக்கிட்டுத் திருத்து!"

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் வாதத்தை, எதிராளியைவிட நன்றாக, முதலில் தானே சொல்லுவார். அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். இது என் பார்வை இல்லை என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் எடுத்து மாட்டுவார். மாட்டினால் தொலைந்தது! "மாட்டப் போறாரு, குனிஞ்சுக்குங்கப்பா" என்பார் எங்கள் ஓவியர்.

படத்தின் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஆலைப் புகையைப் பற்றி நம் பத்திரிகை எழுதியதையும் அதற்கு வந்த மிரட்டலையும் குறித்த பேச்சு அது. "எங்கள யாரும் மிரட்டல. ஆலைப் புகையால யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாங்கதான் ஊதிப் பெருசாக்கினோம்" என்கிறார் வம்பண்ணன். படம் முடிந்தது, நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அவர் முகத்தில் கண்ணாடி இருந்ததா? இல்லை! மேசைமேல் இருந்தது. அப்படியானால், மாட்டிக்கொண்டு அவர் சொன்னது எங்கே? கடைசியில், படத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் நன்றிப் பெயர்கள் ஏன் படிக்க முடியாத வேகத்தில் ஓடின?

இயக்குநரை வாசலில் கேட்டேன்.

"ஐயா, ஒரு வார்த்தகூட நாங்க சேர்க்கலையே!"

"சேர்க்கல தம்பி. வெட்டுனீங்களா?"

அவருக்கு உடனே ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் காது மந்தமாகவும் இருக்கலாம்.

புகையில் இருமிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் ஆலைமேல் போட்ட வழக்கில், ஆலைத் தரப்பு இந்தப் படத்தையே காட்டப் போவதாகக் கேள்வி. வம்பண்ணன் வாயாலேயே அந்தக் குடும்பங்களைத் தோற்கடிக்கப் பார்க்கிறார்களா? எனக்குத் தெரியாது. நான் இயல்பிலேயே சந்தேகப்படுகிறவன். ஆனால் அண்ணி மெதுவாகச் சொன்னார்: "அவரு இருந்தா மைக்கப் பிடுங்கியிருப்பாரு. நீங்க கேட்டாவது வைங்க."

கேட்கிறேன். வெட்டாத பதிவு முழுவதையும் இதே அரங்கில் திரையிட வேண்டும். அதுவரை ஒவ்வொரு இதழிலும் இதே கேள்வியை அச்சிடுவோம், இயக்குநரின் பெயரோடும் என் பெயரோடும். ஆசிரியர் விட்ட இடத்தில் தொடர்வது என்றால், என் சக்திக்கு அதுதான்.

பின்வரிசையில் இதைப் படம்பிடிக்கும் கேமராக்காரரே, கொஞ்சம் கிட்ட வாருங்கள். என் முகம் தெளிவாகத் தெரியட்டும்.

நான் கண்ணாடி போட்டிருக்கிறேன்.