நனைந்த கட்டி

மெக்னீசியம் என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், சார். பரவாயில்லை. எங்கள் கம்பெனி வாசல் பலகையிலேயே ஆறு வருஷம் தப்பாகத்தான் இருந்தது.

என் பெயர் கோதண்டபாணி. ராணிப்பேட்டைப் பக்கம், கார் ஸ்டீயரிங்குக்கு உள்கூடு வார்க்கும் கம்பெனியில் பதினாறு வருஷமாக உலை என் பொறுப்பு. மெக்னீசியக் கட்டிகளை உருக்கி, அழுத்தம் கொடுத்து அச்சுக்குள் தள்ளுவோம். கண் இமைப்பதற்குள் அச்சு நிரம்பிவிடும். உருகிய மெக்னீசியம் காற்று பட்டால் எரியும். அதனால் உலைக்குள் அதன்மேல் எப்போதும் ஒரு வாயுவைப் போர்த்திவைப்போம். தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு கட்டியையும் சூட்டுத் தட்டில் வைத்து ஈரம் போன பிறகே உலையில் இறக்க வேண்டும். உங்களுக்கே புரிகிறது, பாருங்கள்.

காஷிஃப் வாணியம்பாடிக்காரன். பன்னிரண்டு வருஷம் டேனரியில் தோலுக்கு மயிர் நீக்கிக்கொண்டிருந்தவன். போன வருஷம் எங்களிடம் சேர்ந்தான்.

என் வார்ப்புகளில் துளை இருக்கிறது என்று தரம் பார்க்கும் மெர்சி தினமும் ஒரு கூடை ஒதுக்கிவைப்பாள். மெக்னீசியம் அப்படித்தான் என்பேன். அச்சில் காற்று வெளியேறும் வழி அடைத்திருக்கிறது என்றான் காஷிஃப். சுரண்டிவிட்டான். துளை நின்றது.

"இவ்ளோ வருஷமா இதைப் பாக்கலையா சார்?" என்று மெர்சி கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே ஃபர்னஸ் காஷிஃப் பாத்துப்பாரு. நீங்க கூட இருந்து கத்துக்குங்க."

மயிர் நீக்கியவனிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

அவன் கொஞ்சம் திமிராக இருந்திருந்தால்கூட விட்டிருப்பேன். எல்லார் முன்னாலும், "எல்லாம் அண்ணா பண்ணி வச்சதுதான். நான் சும்மா தூசி தட்டுனேன்" என்றான். இப்படிப்பட்ட பணிவு முட்டாள்களுக்குத்தான் வரும்.

அன்று வெள்ளிக்கிழமை. அவன் தொழுகைக்குப் போயிருந்தான். அடியில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்த கட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். கைகழுவும் தொட்டியில் முக்கால் மணி நேரம் ஊறவைத்தேன். அவன் சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்த பிறகு எடுத்து, மேலே மட்டும் துடைத்து, தட்டின் முன்வரிசையில் வைத்தேன்.

வழக்கமாக ஒவ்வொரு கட்டிக்கும் அவனே சூட்டுமானி வைத்துப் பார்ப்பான். அன்று கையுறை மாட்டிக்கொண்டே வந்தான்.

"சூடு ஏறிச்சாண்ணா?"

"ஏறிச்சு" என்றேன்.

சூட்டுமானியைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டான். கேட்டதை நம்பி உலைமூடியைத் திறக்கிறவனை என்ன செய்வது, சார்?

லேசாகத் தெறிக்கட்டும், நாலு பேர் முன்னால் அசிங்கப்படட்டும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். ஆனால் ஸ்டோரில் விசாரித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். தீயை அமுக்கும் பொடி மூட்டைகளை அன்று காலையே அங்கே தள்ளிவிட்டேன். மற்றவர்களைச் சாப்பிட அனுப்பினேன். கான்கிரீட் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

வெடித்ததில் உடனே சாகவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தான். விசாரிக்க வந்த உங்கள் ஏட்டிடம், "என் தப்புதான் சார். நான் சூடு பாக்கலை" என்றான். என் பெயரே அவன் வாயில் வரவில்லை. பொய் சொல்லவும் தெரியாமல் உண்மை சொல்லவும் தெரியாமல் ஒரு மனிதன்.

ஆறாம் நாள் பார்க்கப் போனேன். முகம் முழுக்கக் கட்டு. நர்சிடம் நான் பேசிய குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலையேண்ணா?"

நான் வெளியே வந்துவிட்டேன். சனிக்கிழமை இறந்தான்.

நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்கு மனசாட்சி என்று காரணம் எழுதிவிடாதீர்கள். அவனுக்காக நான் வரவில்லை. தூக்கம் வராததும் அவனால் இல்லை. உலை வேலை பார்க்கிறவனுக்கு அது பழக்கம்தான். நாள் முழுக்க ஒரே ஒரு யோசனைதான். அவன் கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.