அட்டெஸ்ட் பண்ண மறுத்த மகள்

டெல்லி சரோஜினி நகரில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்களும் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவர் மடியில் ஒரு ஃபைல்.

“டாக்டருங்க கைவிரிச்சிட்டா எனக்கு வென்டிலேட்டர் வைக்கக் கூடாதுன்னு எழுதிட்டேன், கமலா.”

“அச்சா. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணுமேக்கா? உங்க பொண்ணே ஆபீசர்தானே, போட்டிருப்பா.”

“நானும் அப்படி நெனச்சுத்தான் நீட்டினேன். சொந்த அம்மாவுக்கு நானே அட்டெஸ்ட் பண்றது முறையில்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டா.”

“பெத்தவளுக்கேவா? கோவம் வரலையா?”

“எதுக்கு வரணும்? எனக்குப் பதிலா டாக்டர்கிட்ட முடிவு சொல்ல யாருன்னு ஒரு இடம் காலியா விட்டிருந்தேன். அங்கேயே அவ பேரை எழுதினேன். என் பையனுங்க ரெண்டு பேரும் அழுதுட்டு மனசு மாறிடுவாங்க. இவ அழுதுகிட்டே எழுதினபடி செய்வா.”