நூத்தி நாப்பத்தேழு மார்க்

இல்லிங்க சார், போர்டெல்லாம் எதுவும் மாட்டல. கலையரசி வூடு அதோ, அந்த ஓட்டு வூடுதான். பூட்டிகீது பாருங்க. செத்த இப்டி நெழல்ல ஒக்காருங்க, வெயில்ல வண்டி ஓட்டிக்கினு வந்திருக்கீங்க. லைசன்ஸ் இல்லாம ஊசி போடறான்னு மனு வந்தா சுகாதாரத்துறை விசாரிக்கத்தான் செய்யும், நான் தப்பு சொல்லல. ஆனா அவ யாருன்னு தெரிஞ்சிக்கினு எழுதுங்க.

எனக்கு அக்கா பொண்ணு சார் அது. என் பேரு வேடியப்பன். படிக்காத பொண்ணு இல்ல. கிர்கிஸ்தான்ல ஆறு வருசம், பனியில நடந்து போயி டாக்டருக்குப் படிச்சிட்டு வந்தவ. வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தா இங்க இன்னொரு பரீச்ச பாஸ் பண்ணாதான் ஊசியத் தொடலாம். உங்களுக்குத் தெரியாததா. முந்நூறு கேள்வி. காலையில பாதி, மத்தியானம் பாதி. நூத்தம்பது எடுக்கணும்.

எங்க வூட்டு மாடியிலதான் ஒக்காந்து படிச்சா. வாராவாரம் செல்லுல மாதிரிப் பரீச்ச எழுதுவா. ஒரு வாரம் நூத்தி எழுவது வரும். அடுத்த வாரம் நூத்திப் பதினெட்டு. அப்பறம் நூத்தி அறுவத்தஞ்சி, திரும்பி நூத்தி இருவது. ரெண்டு நாளு சாப்டாம கெடப்பா. படிச்சதெல்லாம் எங்க மாமா போவுதுன்னு கேப்பா. நான் இன்னாத்த சொல்றது, எட்டாவது ஃபெயிலு.

என் சம்சாரம் இருசம்மாதான் கண்டுபுடிச்சா. அவளுக்குக் கையெழுத்துகூடப் போட வராது. இவ எழுதும்போது பக்கத்துல பூண்டு உரிச்சிக்கினு ஒக்காந்திருப்பா. ஒரு நாளு கேட்டா, ஏண்டி, மொதல்ல ஒண்ணத் தொடற, அப்பறம் திரும்பி வந்து வேற ஒண்ணத் தொடற, சோறு சாப்ட்ட பெறகு அது ஜாஸ்தியா கீதேன்னு. கலையரசி ஒக்காந்து எண்ணிப் பாத்தா. மாத்துன பதிலு நாப்பது. அதுல முப்பத்தொண்ணு மொதல்ல சரியாதான் போட்டிருக்கா.

அன்னிலருந்து மாத்தறத வுட்டா. தப்பாப் போனத மட்டும் ஒரு நோட்டுல எழுதி, ஞாயித்துக்கெழம ஒக்காந்து அதையே திரும்பப் போடுவா. நூத்தி அம்பத்தெட்டு, நூத்தி அறுவத்தொண்ணு, நூத்தி அறுவத்திநாலு. அஞ்சு வாரம் சார், மார்க்கு கீழ எறங்கவே இல்ல. இருசம்மாவத் தூக்கிச் சுத்துனா.

கொரோனா வந்த வருசம், கார்த்திகை மாசம். பரீச்ச பாண்டிச்சேரில, உளுந்தூர்பேட்டை வழியாதான் போவணும். அப்ப எடஒதுக்கீடு கேட்டு எங்காளுங்க போராட்டம் நடந்துக்கினு இருந்துச்சி. நான் ஒன்றியத்துல பொறுப்பு. உளுந்தூர்பேட்டையில மறியல்னு தேதி வந்துச்சி, பரீச்ச நடக்கற அதே வெள்ளிக்கெழம. நீ கவலப்படாத, உன் வண்டிக்கு நான் வழி வுட்டுடறேன்னு அவளாண்ட சொன்னேன்.

மொத நாளே போயிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? நோய்க்குப் பயந்து லாட்ஜில எடம் தரல சார். அதோட, மாமா கீறாருன்னு நம்பிட்டா.

வெடிஞ்சதும் ரோட்டுக்குக் குறுக்க டிராக்டர வுட்டோம். ஆறரைக்கு அவ காரு வந்து நின்னுது, மூணாவது வண்டி. முன்சீட்டுல ஒக்காந்துக்கினு என்னையே பாத்தா. பின்னால லாரி அடஞ்சி போச்சி, திரும்பவும் முடியாது. என் முதுகுக்குப் பின்னாடி எறநூறு பேரு. சொந்தக்காரிக்கு மட்டும் வழி வுட்டான்னு ஒருத்தன் சொல்லிட்டா இன்னா ஆவும்? நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன் சார்.

எட்டரைக்கு அங்க பரீச்ச ஹாலு கேட்ட சாத்திட்டாங்க. நாங்க ரோட்டத் தொறக்க பதினொண்ணு ஆச்சி. அவ எறங்கி வரல. கார்லயே ஒக்காந்து செல்லுல மாதிரிப் பரீச்ச எழுதிக்கினு இருந்திருக்கா. கிட்ட போனேன். மார்க்க மட்டும் காமிச்சா. நூத்தி எம்பத்திநாலு.

ஆறு மாசம் கழிச்சி திரும்பி எழுதுனா. அதுக்குள்ள பழையபடி ஏத்தம் எறக்கம். இருசம்மா பக்கத்துலயே ஒக்காந்து, மாத்தாதடி மாத்தாதடின்னு சொல்லிக்கினே இருப்பா. கை கேக்கல. வந்தது நூத்தி நாப்பத்தேழு. மூணு மார்க்கு கம்மி. அதோட பொஸ்தகத்தக் கட்டி வெச்சிட்டா.

அப்ப இதோ மேல கீற மலையில ஊரு ஊரா ஜொரம். கரியாலூருக்கு மேல ஒருத்தரும் ஏறல. இவ பையத் தூக்கிக்கினு நடந்தா. பொழச்சவங்க நெறைய பேரு சார், அதையும் எழுதணும் நீங்க. கால்ல வுழுந்து கும்புட்டாங்க. ஆனா ஒண்ணு, பையில கைய வுட்டு ஒரு மருந்த எடுப்பா. அத வெச்சிட்டு வேற ஒண்ண எடுப்பா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அவள நில்லுன்னு சொல்ல எனக்கு எந்த வாயி கீது?

இன்னா சார்? ஒரு பொம்பள செத்துப்போச்சின்னும் மனுவுல கீதா. பேரு போடலியா.

நான் சொல்றேன், எழுதிக்குங்க. இருசம்மாள், வயசு நாப்பத்தெட்டு. வெறும் சளி ஜொரந்தான். ஊசி போட்டு கால் மணி நேரத்துல என் மடியிலயே மூச்சு நின்னுது.

யாரு போட்டதுன்னா, நான்தான் போட்டேன். மருந்தும் நான்தான் கடையில வாங்கியாந்தேன். கலையரசி அன்னிக்கு ஊர்லயே இல்ல. அப்டியே எழுதுங்க சார், கையெழுத்துப் போடறேன்.

அவளா? மலைமேல ஒரு கொழந்தைக்கு வலிப்பாம். காலையில ஆளு வந்து இட்டுக்கினு போனாங்க.