மீட்டரில் இன்னும் பூஜ்யம்தான்

தரையில் வெள்ளைக் கோடு போடுவதற்கு ஈரமில்லாத காலை நேரம்தான் நல்லது. ஒன்பது மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். பழைய கோட்டின் மேல் தார் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால், அங்கே கோடு இருந்ததா என்று போட்டவளுக்கே சந்தேகம் வந்துவிடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நிவா. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக வரிசையாகவே சொல்கிறேன். போலீஸ் உடுப்பில் வந்திருப்பதால்தான் ‘நீங்கள்’ என்கிறேன். பக்கவாட்டில் நிறுத்தும் பரீட்சையில் இரண்டு முறை தோற்ற பையனை வேறு எப்படியும் கூப்பிட்டிருக்கலாம்.

பெயர் ஹயாசே மிட்சுயோ, வயது எழுபத்து மூன்று. இந்த ஊர் டிரைவிங் ஸ்கூலில் முப்பத்து நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான். என் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அப்படியும் இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் என் வீட்டின் இதே கூடத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். வயதானவர்கள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள், ஸ்டேஷனுக்குத் தலைவலியாக இருக்கிறது என்றீர்கள்.

“நீங்க ஒருத்தர் குடுத்தாப் போதும் டீச்சர். ஹயாசே டீச்சரே குடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா மத்தவங்க வாயே திறக்க மாட்டாங்க.”

கொடுத்தேன். ஊர்ச் செய்தித்தாளில் படம் போட்டீர்கள். கையில் ஒரு பூங்கொத்து. பூக்கடைக்காரர் அவசரத்தில் இழவு வீட்டுக்குக் கட்டும் வெள்ளைச் செவ்வந்தியையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அந்த வருடம் நாற்பத்தொரு பேர் என்னைப் பார்த்து லைசென்ஸைக் கொடுத்தார்கள். பதிலுக்கு எங்களுக்கு டாக்ஸிச் சலுகைச் சீட்டும், புதன்கிழமை தோறும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு இலவசப் பேருந்தும் கிடைத்தன. மதியம் ஒரு மணிக்குப் பேருந்து கிளம்பினால் எங்கள் தெருவில் நாய்கூட இருக்காது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வசந்தத்தில் பக்கத்து வீட்டுக் கசுமி கணவரோடு வந்து சேர்ந்தாள். கசுமியும் என் மாணவிதான், ஒரே தடவையில் தேறியவள். கணவர் கெத்தின், வேல்ஸ் நாட்டுக்காரர். காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. திங்கள் போனால் வெள்ளிதான் வீடு. நாடு மாறி வருகிறவர்கள் துணிமணி, பாத்திரம், புத்தகம் கொண்டுவருவார்கள். இவர் எட்டு அட்டைப்பெட்டியும் ஒரு காரும் கொண்டுவந்தார். கரும்பச்சையில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். கோபே துறைமுகத்திலிருந்து லாரியின் முதுகில் ஏறி வந்தது. அதை இறக்கும்போது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தது, நம் ஊர் வண்டிகளைப் போல. கையிலிருந்த தலையணை உறையை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருவரையும் கூப்பிட்டேன். ஏரிச் சிப்பி போட்ட மிசோ சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு கெத்தின் கதை சொன்னார். அவரும் அவர் அப்பாவும் பதினொரு வருடம் உழைத்து, துருப்பிடித்த ஒரு கூட்டிலிருந்து அந்தக் காரை மறுபடி கட்டியிருக்கிறார்கள். கடைசித் திருகாணியை முறுக்குவதற்கு ஒரு மாதம் முன்னால் அப்பா போய்விட்டார். அதன்பின் அது ரோட்டில் ஓடியதே இல்லை.

“முதல் ஓட்டம் எங்கப்பாவோடதான் டீச்சர். அவரோட தொப்பியை வச்சுக்கிட்டு இங்க கலங்கரை விளக்கம் வரைக்கும் போகப் போறேன். அதுவரைக்கும் மீட்டர்ல பூஜ்யம்தான் இருக்கணும்.”

“அப்போ நான் எங்க உக்காருறது?” என்றாள் கசுமி. “இருக்கறதே ரெண்டு சீட்டு. ஒண்ணுல நீ, ஒண்ணுல தொப்பி.”

“தொப்பி உன் மடில.”

அவள் அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. நானும் சிரித்தேன்.

நம்பர் பிளேட் வாங்க முதலில், வண்டியை நிறுத்த இடம் இருக்கிறது என்று நிறுத்துமிடச் சான்று வேண்டும். அது உங்கள் ஸ்டேஷன் வேலை, உங்களுக்கே தெரியும். என் வீட்டுப் பின்புறம் வாடகைக்கு விடும் ஆறு இடங்களில் காலியாக இருந்த ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். ஒப்புதல் தாளில் கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் கோணாமல் வைத்தேன். நீங்கள் அளக்க வருவதற்கு முந்தைய நாள் நல்ல வெயில். அன்று காலை ஒன்பது மணிக்குப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

இரண்டு பக்கமும் ஒரு கையகலம்தான் உள்ளே தள்ளினேன். மறுநாள் நீங்கள் டேப்பைப் பிடித்து மூன்று முறை அளந்தீர்கள். கார் கோட்டுக்குள் அடங்கவில்லை. கெத்தின் காரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நம் வழக்கத்தை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். பக்கத்து இடத்துக்காரர் தன் இடம் பெருத்துப்போனது பற்றி இதுவரை எந்தப் புகாரும் சொல்லவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அக்கறைதான். நம் கடற்கரைச் சாலையில் முப்பத்தேழு வளைவு இருக்கிறது. அவர் கோபுரம் ஏறுகிறவர், உயரம் தெரியும், வளைவு தெரியாது. முதலில் யாராவது பொறுப்புள்ளவர் அந்த வண்டியின் குணத்தைப் பார்த்து வைப்பது நல்லதென்று பட்டது.

இரண்டாவது இடத்தையும் நான்தான் தேடிக்கொடுத்தேன். சைக்கிளில் அலைந்து கண்டுபிடித்தேன். அகலமான இடம், மேலே கூரை, உரிமையாளர் தங்கமான மனிதர். வீட்டிலிருந்து நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டரும் தொண்ணூறு மீட்டரும். சட்டம் இரண்டு கிலோமீட்டர்தான் அனுமதிக்கிறது. இதைக் கெத்தின் ஸ்டேஷனில் விண்ணப்பத்தை நீட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டார். எனக்கு முதல் நாளே தெரியும்.

அதன்பின் நான் மனமிரங்கிக் கோட்டை மறுபடி பழைய இடத்துக்கே தள்ளிக்கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சான்றும் கிடைத்தது. வாகனப் பரிசோதனைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சைலன்சர் கிளாம்ப் ஒன்று தளர்ந்திருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் முக்கால் திருப்பு. அன்று மாலை அவர் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். உப்பில் ஊறிய முள்ளங்கி கொடுத்தேன். அதை மெல்லுகிற சத்தத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்காதென்று நினைத்தார் போலிருக்கிறது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தத் தடவலில் பொய் இல்லை, நிவா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி என்னிடம் எப்படி வந்தது என்றால், அவரே கொடுத்தார். “வாரம் ஒரு தடவை எஞ்சினை மட்டும் ஓட விடுங்க டீச்சர். இல்லேன்னா பேட்டரி செத்துடும். நகர்த்தவெல்லாம் வேணாம்” என்றார். இரண்டு சாவியில் ஒன்று வீட்டில் கொக்கியில் தொங்கியது, மற்றது என்னிடம்.

முதல் புதன்கிழமை எஞ்சினை மட்டும்தான் ஓட விட்டேன். இரண்டாவது புதன்கிழமை ஒரு மீட்டர் முன்னே, ஒரு மீட்டர் பின்னே. ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகிவிடும். மூன்றாவது வாரம், வேகத்தையும் ஓடிய தூரத்தையும் காட்டும் மீட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டேன், ஏனென்றால் மீட்டரில் பூஜ்யம் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பேருந்து வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பியது. எனக்கு முழங்கால் வலி என்று சொல்லியனுப்பிவிட்டு, வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, கலங்கரை விளக்கம் வரை போய்வந்தேன்.

மொத்தம் பதினான்கு புதன்கிழமைகள். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. முப்பத்து நான்கு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே வாழ்ந்தவள் நான். என் காலுக்கு நிறுத்தத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பக்கத்து சீட்டில் ஒரு தொப்பி சும்மா கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பெரிது.

சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் வேகத்தைப் படம்பிடிக்கும் கேமரா வைக்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஐம்பது என்று எழுதியிருந்த இடத்தில் நூற்றுப் பதினெட்டு. அதைக்கூட உங்கள் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மீட்டர் ஓடவில்லையே.

நம்பர் பிளேட் இல்லாத பச்சைக் கார் இந்த மாகாணத்திலேயே ஒன்றுதான். மறு சனிக்கிழமை நீங்கள் படத்தோடு பக்கத்து வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பெர்சிமன் பழம் கொடுக்கப் போயிருந்தேன். படத்தில் முகம் நிழலில் இருந்தது, தொப்பி தெளிவாகத் தெரிந்தது. அந்தப் புதன்கிழமை காற்று பலமாக அடித்ததால் கோபுரத்தில் யாரும் ஏறவில்லை. கெத்தின் கம்பெனி விடுதியில் தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறார், பார்த்தவர் யாருமில்லை. கசுமியோ அன்று விடுமுறையில் வீட்டில் இருந்து, மதியம் கடைக்குப் போய்வந்தவள்.

கெத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொக்கியில் தொங்கிய சாவியை. பிறகு கசுமியை. அவர் மனதில் ஓடியது எனக்குப் புத்தகம் போலத் தெரிந்தது. என்னிடம் ஒரு சாவி இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்திருக்கும்தான். ஆனால் நான் செவ்வந்தியோடு படம் பிடித்துக்கொண்டவள். லைசென்ஸைக் கொடுத்தவள் மேல் சந்தேகம் எப்படி வரும்? அவர் மனைவியைக் காப்பாற்ற முடிவு செய்துவிட்டார்.

“நான்தான் ஓட்டினேன்.”

நீங்கள் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டீர்கள். “ஆசைப்பட்ட வண்டி கண்ணெதிரே நின்னா எப்படித்தான் சும்மா இருக்கிறது” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டு கெத்தின் எனக்குத் தலை குனிந்தார்.

நீங்கள் போனபிறகு கசுமி ஒரு பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“தொப்பி என் மடிலன்னு சொன்னே” என்றாள். “தனியாப் போயிட்டு வந்துட்டே. எங்கிட்ட சொல்லக்கூட இல்ல.”

அவள் பொய் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார், அவர் பொய் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். நடுவில் நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். கசுமி இப்போது ஒகாயாமாவில் அக்கா வீட்டில் இருக்கிறாள். கம்பெனி கெத்தினின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாதக் கடைசியில் அவர் ஊருக்குப் போகிறார்.

இதெல்லாம் வருத்தம்தான். ஆனால் இளம் வயது, இரண்டு பேரும் தேறிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நேற்று அவர் வந்தார். சாவியை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்கு வாய் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை பழைய இரும்புக் கடை லாரி வருது டீச்சர். நசுக்கிடச் சொல்லிட்டேன். அப்பாவோட முதல் ஓட்டம் போயிடுச்சு. இனி அது இருந்து என்ன?”

இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஒரு நல்ல மனிதர் செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு போகிறார், ஒரு நல்ல குடும்பம் உடைகிறது. மனசாட்சி உள்ளவள் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? விடிந்ததும் உங்களுக்குப் போன் செய்தேன். இத்தனைக்கும் யோசித்துப் பார்த்தால் நான் அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. போய்ப் பாருங்கள், மீட்டரில் இன்னும் பூஜ்யம்தான். கணக்குப்படி முதல் ஓட்டம் அவருக்காக அப்படியே காத்திருக்கிறது.

அந்தப் படத்தை இப்படிக் கொடுங்கள். கைகளைப் பாருங்கள். ஸ்டீயரிங்கைக் கடிகாரமாக நினைத்தால் பத்து மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, கட்டைவிரல் வெளியே. இந்த ஊரில் அப்படிப் பிடிப்பது யார்? கையுறைகூடத் தெரிகிறது. படம் ஒரு மாதமாக உங்கள் மேசையில் கிடந்திருக்கிறது. கவனம் போதாது என்று அன்றைக்கே உங்கள் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தேன்.

ஆமாம், நான்தான் ஓட்டினேன். கோடு, இடம், கிளாம்ப் எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன், முத்திரையும் எடுத்து வைத்திருக்கிறேன். கெத்தினிடமும் கசுமியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அதற்கு அவசரமில்லை. முதலில் அந்த இரும்புக் கடைக்குப் போன் போடுங்கள். வழக்கு முடிகிறவரை அந்தக் கார் ஆதாரப் பொருள். அதை யாரும் நசுக்க முடியாது. உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது, அகலம் போதும், நான் அளந்துவிட்டேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: வாரம் ஒரு தடவையாவது எஞ்சினை ஓட விடவேண்டும். புதன்கிழமை மதியம் எனக்கு வசதிப்படும்.