பன்னிரண்டு குப்பிகளும் ஒரே பச்சை நூலும்

இந்த ஒலிபெருக்கியையும், நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகளையும், என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்த மாபெரும் பதாகையையும் அன்பளிப்பாகத் தந்துவிட்டு, ஏன் தந்தோம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் எண்ணெய்க்கடை உரிமையாளரும் விழாத் தலைவருமான ஐயா அவர்களே! வெள்ளைத் துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும் சலவைத் தொழிலாளர் சங்கத்துப் பெரியவர்களே! கொதிக்கும் தண்ணீருக்கு முன்னால் நாளெல்லாம் நின்றும் கொதிக்காத உள்ளம் படைத்த தாய்மார்களே! தேய்ப்புப் பிரிவுச் சகோதரிகளே! மடிப்புப் பிரிவுச் சகோதரிகளே! 'சுருக்கமாப் பேசுங்க' என்று இப்போதே விரலால் சைகை காட்டும், துணிக்கு நூல் கட்டிக் குறியிடும் பிரிவைச் சேர்ந்த என் மனைவி அவர்களே! மூன்றாம் வரிசையில், கையில் ஒரு தாளோடு, என் முகத்தைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் என் அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். பிழையுள்ள தாள் என்னை வருத்தாது. பிழையே இல்லாத தாள்தான் என்னைத் தூங்கவிடாது. இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு பிழையும் இல்லை. எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'கொழுப்பும் மூட்டு வலியும்'. எனக்கு அடுத்து, 'பயன்பெற்ற சகோதரியின் சான்றுரை'. அந்தச் சகோதரி என் அக்கா. என் பேச்சு இலை, அவர் பேச்சு விருந்து. இலை வாய் திறக்காது என்று தலைவர் நம்பிவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை.

பதாகையைப் பாருங்கள். 'பன்னிரண்டில் எட்டுப் பேருக்கு வலி குறைந்தது! எங்கள் மீன் எண்ணெய் கேப்சூல்!' எழுத்து பெரியது, ஆச்சரியக்குறி இரண்டு. ஆச்சரியக்குறி இரண்டு இருக்கும் இடத்தில் கேள்விக்குறி ஒன்று காணாமல் போயிருக்கிறது என்பது என் முப்பதாண்டுத் தொழில் அனுபவம். அந்தக் கேள்விக்குறியைத் தேடித்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

கொழுப்பு கெட்டதா? எல்லாக் கொழுப்பும் கெட்டதா? இல்லை. நாம் தின்னும் கொழுப்பில் பல குடும்பங்கள் உண்டு. ஒமேகா ஆறு என்று ஒரு குடும்பம். சூரியகாந்தி, சோளம், சோயா எண்ணெய்களில் நிறைய இருக்கிறது. ஒமேகா மூன்று என்று இன்னொரு குடும்பம். கொழுத்த கடல் மீனிலும் ஆளி விதையிலும் இருக்கிறது. உடம்பு இவற்றைக் கொண்டு சில தூதுப் பொருட்களைச் செய்துகொள்கிறது. அடிபட்ட இடத்துக்கு ஆள் திரட்டும் தூதும் உண்டு. வந்த வேலை முடிந்தது, கலைந்து போங்கள் என்று சொல்லும் தூதும் உண்டு. ஆள் திரண்டு கலையாமல் நின்றால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். அதற்குத்தான் அழற்சி என்று பெயர். சங்கக் கூட்டம் முடிந்தும் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறோமே, அதுபோல.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் அக்காவின் விரல் மூட்டுகளில் அந்தக் கூட்டம் ஆறு ஆண்டுகளாகக் கலையவில்லை. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. தேய்ப்புப் பெட்டியின் கைப்பிடியைப் பிடிக்கும் அளவுக்கு விரல் இளக ஐம்பது நிமிடம் ஆகும். அதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, தன் கையைத் தானே பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மருத்துவர் தந்த மாத்திரைதான் அந்தக் கையை வேலையில் வைத்திருந்தது.

அந்த நேரத்தில் வந்தார் நம் தலைவர். "அம்மா, உங்க சமையல் எண்ணெய்தான் மூட்டுக்கு எதிரி. அதை நிறுத்துங்க. என் கேப்சூலைச் சாப்பிடுங்க. மாத்திரையெல்லாம் எதுக்கு?" என்றார். எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்குப் போய்ப் பழைய நாட்காட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கடை வெளியிட்டது. அதே சமையல் எண்ணெய். அதன் படத்துக்கு மேலே 'இதயத்தின் நண்பன்'! தலைவர் அவர்களே, தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நண்பன் எந்தத் தேதியில் எதிரியானான்? அந்தத் தேதிக்கும் தங்கள் கிடங்கில் அந்த எண்ணெயின் கையிருப்பு தீர்ந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி?

தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும்.

அக்காவின் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மையார் சலிக்காமல் சொன்னார்: "மீன் எண்ணெய் சுத்தப் பொய்னு சொல்ல முடியாதுங்க. போதுமான அளவு எடுத்துக்கிட்டா, இந்த மாதிரி மூட்டு நோய்ல சிலருக்கு வலியும் விறைப்பும் ஓரளவு குறையுது. ஆனா மாசக்கணக்குல ஆகும். மாத்திரையோட சேத்துதான், மாத்திரைக்குப் பதிலா இல்ல. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க கேக்காம தொடவே கூடாது. சமையல் எண்ணெயை நிறுத்தினா வீக்கம் போயிடும்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் போதாது."

கவனித்தீர்களா? 'சிலருக்கு', 'ஓரளவு', 'மாசக்கணக்குல', 'போதாது'. எவ்வளவு ஒல்லியான சொற்கள்! பதாகையில் போட்டால் ஒருவர் கண்ணிலும் படாது. உண்மைக்கு எப்போதும் உடம்பில் சதை குறைவு.

சரி, சோதித்தே பார்ப்போம் என்றேன். தேய்ப்புப் பிரிவில் மூட்டு வலியுள்ள பன்னிரண்டு பேர், என் அக்காவும் சேர்த்துத்தான், ஒப்புக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது முதல் நிபந்தனை. பன்னிரண்டு குப்பி. ஆறில் தலைவர் தந்த மீன் எண்ணெய். ஆறில், அச்சு அசலாக அதே தோற்றத்தில், மருந்துக்கடைக்காரர் அடைத்துக் கொடுத்த சாதாரணச் சமையல் எண்ணெய். ஆம், அதே எதிரி! பாதிக் குப்பிகளில் எதிரி இருப்பது தலைவருக்கும் தெரியும். எது எது என்பது என் மனைவிக்கு மட்டுமே தெரியும். மீன் எண்ணெய்க்குச் சிவப்பு நூல், மற்றதற்கு நீலம் என்று குப்பியின் கழுத்தில் கட்டினார். யார் குப்பி என்பதற்கு, நூலின் நிறம் தெரியாதபடி, மேலே ஒரு பெயர்ச் சீட்டு.

"எழுதி வச்சியா?" என்று கேட்டேன்.

"நூல் இருக்கும்போது எழுதுவாங்களா? இருபது வருசமா ஊர்த் துணியெல்லாம் நூலை வச்சுத்தானே பிரிக்கறோம்? ஒரு துண்டாவது வீடு மாறிப் போயிருக்கா?"

போனதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு காலையும் என் மனைவி ஒவ்வொருவரிடமும் போய், "இன்னிக்கு வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு நோட்டில் குறித்தார். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். தலைவரைச் சந்தேகித்த நான் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதனால்தான் அந்த நோட்டை என் கையில் கொடுக்காமல் மனைவி பூட்டி வைத்தார்.

கடைசி நாள். காலிக் குப்பிகளெல்லாம் ஓய்வறை அலமாரிக்கு வந்து சேர்ந்தன. நாங்கள் போவதற்குள் மடிப்புப் பிரிவு மூத்தவர் அங்கே போய்விட்டார். அம்மா, நீங்கள் தலை குனிய வேண்டாம். இந்தத் தொழிலில் கை தேர்ந்தவர் வேறு என்ன செய்வார்? ஒரே அலமாரியில் இரண்டு நிற நூல்! ஒரு மூட்டைக்கு ஒரு நிறம் என்பதல்லவா சலவைக்கூடத்தின் சட்டம்? பன்னிரண்டு குப்பியையும் வெந்நீரில் கழுவி, சீட்டைச் சுரண்டி, காயவைத்து, பன்னிரண்டுக்கும் பச்சை நூல் கட்டி, அணிவகுப்புப் போல அடுக்கி வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னார்: "எந்தக் கூறுகெட்டவ கட்டினாளோ, கலந்துபோயிருந்துச்சு. எல்லாத்தையும் சரிபண்ணிட்டேன்!"

என் மனைவி அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடினார்.

வலிக் குறிப்பு பத்திரமாக இருக்கிறது. எட்டுப் பேருக்கு வலி குறைந்தது, அதுவும் உண்மை. என் அக்காவுக்கு ஐம்பது நிமிடம் இருபதாகக் குறைந்தது. அதைவிட எனக்கு இனிய செய்தி வேறில்லை. ஆனால் யார் எதைச் சாப்பிட்டார்கள்? தெரியாது! எனக்குத் தெரியாது, நூலை நம்பி மனதில் வைத்துக்கொள்ளாத மனைவிக்குத் தெரியாது, மூத்தவருக்குத் தெரியாது. தலைவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது, பதாகை அடித்துவிட்டார்.

ஒரு சின்னக் கணக்கு. மீன் எண்ணெய் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? ஆறு. வலி குறைந்தவர்கள்? உரக்கச் சொல்லுங்கள்! எட்டு! ஆறு பேருக்கும் குறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் இரண்டு பேர் யார்? மூட்டின் எதிரியைத் தின்று மூட்டு வலி குறைந்த அந்த மகராசிகள் யார்? மாத்திரையா, நம்பிக்கையா, தினமும் காலையில் ஒருத்தி வந்து 'வலி எத்தனை' என்று அக்கறையோடு கேட்டாளே, அதுவா? 'பாதிப் பேர் சாப்பிட்டது வேறு எண்ணெய்' என்ற ஒரே வரி பதாகையில் எங்கே போயிற்று? துணி போதவில்லையா? சங்கத்தில் இல்லாத துணியா?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம்' என்று எழுதியிருக்கிறது. பிழையில்லை. நேரம்தான்.

இனி நகைச்சுவை இல்லை. தேய்ப்புப் பிரிவில் மூன்றாவது மேசை இன்று காலி. அந்தப் பன்னிரண்டு பேரில் அவர் இல்லை. கடை வாசலில் இந்தப் பதாகையைப் படித்தார், மாத்திரையை நிறுத்தினார், கேப்சூல் வாங்கினார். நான்கு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் வாரம் வீட்டுக் குழாயைத் திருகக் கை வரவில்லை. ஆறாம் வாரம் தட்டிலிருந்து எடுத்து உண்ண முடியவில்லை. அதோ, கடைசி வரிசையில் மகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். சற்றுமுன் என் கணக்குக்கு நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். அவர் தட்டவில்லை. அவரால் முடியாது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். அக்கா கையில் இருக்கும் அந்தச் சான்றுரை, மூன்று நாள் முன் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. கொடுத்தனுப்பியவர் தலைவர். அதன் நான்காவது வரி: 'மாத்திரைகளை விட்டுவிட்டேன், எண்ணெயே போதும்.' நான் அந்த வரியில் கால்புள்ளியைச் சரிபார்த்தேன். ஒற்று சரியா என்று பார்த்தேன். கையெழுத்திட்டு அனுப்பினேன். அன்று வீட்டில் அக்காவிடம் கேட்டேன். "உன் வேலையைப் பாருடா" என்றார். இதோ, என் வேலையைப் பார்க்கிறேன்.

அக்கா, நாலாவது வரி உண்மையா?

அமைதியாக இருங்கள். அவர் எழுகிறார். என்ன அக்கா? ஒலிபெருக்கி வேண்டாமாம்; நானே சொல்கிறேன்.

"ஒன்பது நாளா மாத்திரை சாப்பிடல. நல்லாத்தானே இருக்கேன்னு விட்டுட்டேன்."

என்கிறார். ஒன்பது நாள்... மூன்றாவது மேசைக்கும் முதல் நான்கு வாரம் நன்றாகத்தான் இருந்தது, அக்கா.

கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கிறார். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஒரு குரல்... "விட்டுறாத அக்கா." கேட்டதா உங்களுக்கெல்லாம்? கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். "விட்டுறாத அக்கா."

மேடைக்கு வருகிறார். வழி விடுங்கள். என்ன வேண்டும், அக்கா? பேனாவா? சிவப்புப் பேனா, என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தா. நான் பிடிக்கட்டுமா?

"நீ ஒண்ணும் பிடிக்க வேணாம். எனக்குக் கை இருக்கு."

நான்காவது வரியை அடிக்கிறார். கோடு கோணலாகப் போகிறது. போகட்டும். முப்பது ஆண்டுகளில் இதைவிடச் சரியான திருத்தத்தை நான் கண்டதில்லை. அடித்த வரிக்குக் கீழே தானே எழுதுகிறார். படிக்கிறேன்: 'கை கொஞ்சம் தேவலை. ஏன் என்று தெரியாது. நாளைக் காலை மருத்துவரிடம் போகிறேன்.' பக்கத்தில் எனக்கு மட்டும் ஒரு குறிப்பு: 'நீயும் வா.'

வருகிறேன், அக்கா.

பெரியோர்களே, தாய்மார்களே! மீன் தின்னுங்கள், விதை தின்னுங்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கேப்சூலும் தின்னுங்கள், நான் தடுக்கவில்லை. பதாகையை மட்டும் அப்படியே விழுங்காதீர்கள். பேச விட்ட தலைவருக்கும், இன்னும் ஒலிபெருக்கியை அணைக்காத அவருடைய பொறுமைக்கும், பச்சை நூல் கட்டி என் கர்வத்தையும் சேர்த்துக் கழுவிய மூத்தவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி.

வேண்டாம், இன்று கைதட்டாதீர்கள். கடைசி வரிசைக் கைகள் குணமாகி வரட்டும். அன்றைக்குச் சேர்ந்து தட்டுவோம். வணக்கம்.