எண்ணெய் ஊத்துற பத்தியம்

அரிசி மூட்டய உள்ள தூக்காதீங்க மச்சான். கதவோரமாவே இருக்கட்டும். பந்திங் தோட்டத்துலேர்ந்து கிளாங்கு, அங்கேர்ந்து ரயிலேறி இந்த பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் செமந்துட்டு வந்திருக்கீங்க, திருப்பிக் கொண்டு போறதுக்கும் தெம்பு வேணுமில்ல, அதுக்குச் சொல்றேன். அந்தக் கோணியில என்ன, தேங்காயா? எத்தன? பன்னெண்டா! அத உள்ள கொண்டாங்க. மொதல்ல அத உள்ள கொண்டாங்க.

கோவம் இருக்கத்தான் செய்யும். கடுதாசி கெடச்ச ஒடனே தோட்டத்துல லீவு சொல்லிட்டு ஓடியாந்திருக்கீங்க. யாரு போட்டதுன்னு நான் கேக்கவே மாட்டேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான். இந்த ரயில்வே லைன் வீடுங்கள்லயே எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பள அது ஒண்ணு. என்ன எழுதியிருக்கு? ஒங்க தங்கச்சி தங்கமணிக்கு சபாபதி சோறே போடறதில்ல, எண்ணெய ஊத்தியே கொல்லப் பாக்கறான், வந்து கூட்டிட்டுப் போயிருங்க. அதானே? நெசந்தான். சோறு போட்டு ஆறு மாசமாச்சு. கண்ணுல காட்டறதே இல்ல.

ஒக்காருங்க. அடிக்கறதுன்னாலும் ஒக்காந்து அடிக்கலாம், நான் எங்க ஓடப்போறேன்.

அவளா? தண்ணிக்குப் போயிருக்கா. கெணத்தடிக்கு. ஆமா, தனியாத்தான். ஏன் இப்படித் துள்ளி எந்திரிக்கிறீங்க? வந்துருவா. ஒங்க வீட்ல கெணத்துப் பக்கமே விட மாட்டாங்களாமே, அடுப்புக்கிட்டயும் விட மாட்டாங்களாமே, சொல்லியிருக்கா. ரொம்பச் செல்லமா வளத்திருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்த ஆணிய ஏன் பாக்கறீங்க? சாவிக்கொத்துதான். ஒங்க வீட்டுச் சீரு. அதுக்கு வர்றேன், காப்பியக் குடிங்க.

அவளுக்கு அந்த மயக்கம் வரும்ல. மயக்கம்தானே? கல்யாணத்தன்னிக்கு ஒங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க, நானும் அதையே சொல்லிட்டுப் போறேன். மாசத்துல ரெண்டு தடவ வந்துச்சு, மூணு தடவ வந்துச்சு. கயிறு கட்டுனோம், மந்திரிச்சோம், எலுமிச்சம்பழம் வித்தவன்தான் நல்லாயிட்டான். அப்பறம் ஆஸ்பத்திரில கட்டுப் போடற ட்ரெஸ்ஸர் கொர்னேலியஸ், அவருதான் பெரிய டாக்டர் தொரைகிட்ட கூட்டிட்டுப் போனாரு. தொரை ஒரு பொஸ்தகத்தப் பாத்தாரு, இவளப் பாத்தாரு. பொஸ்தகத்துலயும் இப்பத்தான் புதுசா வந்திருக்காம். அரிசி ஆகாது, சக்கர ஆகாது, கெழங்கு ஆகாது. அதுக்குப் பதிலா நெய்யி, வெண்ணெய், கொழுப்பு, வேணும்னா எண்ணெய், இதையே சாப்பாடா வச்சு நடத்துன்னாரு. கொழுப்பா தொரை, அது எனக்குத்தான் ஏராளமா இருக்குன்னு ஊரே சொல்லுதேன்னேன். கொர்னேலியஸ் அத இங்கிலீசுல சொல்லல.

தெளிவாத்தான் சொன்னாரு மச்சான். என் காதுல நல்லா விழுந்துச்சு. ஆனா ஒடம்பு சரியில்லாதவளுக்கு எண்ணெய ஊத்துன்னு சொன்னா எவன் நம்புவான்? நம்மள்ல காய்ச்சல்காரனுக்குத் தாளிச்சாக்கூட குத்தம். பாக்கியம் அக்கா சொல்லிச்சு, பாவம் வெள்ளக்காரரு, அவருக்குப் பத்தியம்னா என்னன்னு யாரு சொல்லிக் குடுத்திருப்பா, நாமதான் பாத்து சரி பண்ணிக்கணும்னு. எனக்கும் ஞாயமாப் பட்டுச்சு. அவரு சொன்னதுல சோத்த நிறுத்துனோம். அவரு சொல்லாததுல எண்ணெயும் நிறுத்துனோம்.

என்ன தின்னாளா? அவிச்ச கீர. முட்டையில வெள்ளக்கரு. மஞ்சக்கரு சூடுன்னு அத நான் தின்னேன். கறி ஆக்குனா மேல மெதக்கற கொழுப்ப கரண்டியால மொண்டு எடுத்துருவோம். அத வீணாக்குவாங்களா, நான் குடிச்சேன். இருவது நாளு. அவ எந்திரிச்சா தள்ளாடுறா, தல வலிக்குதுங்கறா, மயக்கம் முன்னைக்கு மேல வருது. எனக்குப் பழைய சட்ட பொத்தான் போட முடியல.

திரும்பக் கூட்டிட்டுப் போனேன். தொரை அவளப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, ஒங்க ரெண்டு பேருல யாருக்கு வைத்தியம்னு கேட்டாரு. கொர்னேலியஸ் அத மட்டும் வார்த்த தவறாம தமிழ்ல சொன்னாரு. அப்பறம் பாருங்க ஒரு சத்தம், ஆஸ்பத்திரியே எந்திரிச்சு ஒக்காந்துச்சு. சோத்தயும் எடுத்துட்டு கொழுப்பயும் எடுத்துட்டா அவ எதுல உசுரோட இருப்பா, காத்துலயா? நாலு பங்கு கொழுப்புன்னா மத்ததெல்லாம் சேத்து ஒரு பங்கு, நிறுத்துப் போடு, கொறஞ்சா என் மூஞ்சில முழிக்காதன்னுட்டாரு.

சொல்றது சுளுவு மச்சான். நாலு பங்கு கொழுப்ப ஒரு பொம்பள வயித்துக்குள்ள எறக்கிப் பாருங்க. டின் வெண்ணெய் என் சம்பளத்துக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான். நெய்ய அப்படியே குடுத்தேன், குடிச்சா, எம் மேலயே வாந்தி எடுத்தா. பாசார்ல கறிக்கட பாய்கிட்ட போயி ஆட்டுக் கொழுப்பு கேட்டேன். பொண்டாட்டிக்குன்னு சொல்ல வெக்கம், நாய்க்குன்னேன். சும்மா குடுத்தாரு. மறுநாளும் போனேன், அதுக்கு மறுநாளும் போனேன். எத்தன நாய் வளக்குறன்னாரு. ஒண்ணுதான் பாய், கொஞ்சம் வாய்த்துடுக்கான நாயின்னேன். திரும்புனா, இவ பின்னாடிதான் நிக்கிறா! வீட்டுக்கு வந்ததும் வாங்குனேன்.

கடைசில கைகுடுத்தது தேங்காதான். மொதப் பாலு, தண்ணி காட்டாம பிழிஞ்ச கெட்டிப் பாலு. அதுலயே கீர வேவும், மீனு வேவும், ரெண்டு மஞ்சக்கருவ ஒடச்சு ஊத்தி மேல நெய்ய விட்டா, சோறுன்னு ஒண்ணு ஒலகத்துல இருக்கறதே மறந்துரும். கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனேன். ஒரு வாரம் மொகத்தச் சுளிச்சா, ரெண்டாவது வாரம் பாத்திரத்த வழிச்சா. பகல் பூரா ரயில்வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் ஊத்துறேன், சாயந்தரம் வீட்ல வந்து ஊத்துறேன். ரெண்டும் இப்ப சத்தமில்லாம ஓடுது. பாக்கியம் அக்காவுக்குத்தான் பொறுக்கல. அது சொன்ன பத்தியத்த ஒடச்சுட்டேன்ல. அஞ்சு மாசமா பொருமிப் பாத்துட்டு இப்ப கடுதாசி.

ஒங்க வீட்டுக்கா? கூட்டிட்டுப் போங்க. நான் குறுக்க நிக்கப் போறதில்ல. ஆனா அங்க ஒங்கம்மா பாவம், எளச்சுட்டாளேன்னு முத நாளே ஒரு தட்டு சோறு, சக்கரப் பொங்க. அப்பறம் என்ன ஆகும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?

இப்படித் திரும்பி செவுத்தப் பாருங்க. கரிக்கோடு இருக்கா? விழுந்த நாளெல்லாம் எழுதி வையின்னாரு தொரை. எனக்கு எங்க எழுத வருது, கோடு கிழிச்சேன். நெருக்கமா வருதா, இந்தா, இது மாசி மாசத்துக் கோடு. அதுக்கப்பறம்? தேடாதீங்க, இல்ல. இப்ப ஆடி. செவுரு சும்மா கெடக்கு.

இந்தாங்க, சாவிக்கொத்து. பிடிங்க. ஏழு சாவி. இந்த வீட்டுக்கு இருக்கறது ஒரு கதவு, அதுக்கும் ரயில்வே குடுத்தது தாப்பாளு. தோட்டத்து லைன் வீட்லேர்ந்து ஏழு சாவி எதுக்கு மச்சான் சீரு வருது?

பரவால்ல, சொல்ல வேணாம். கல்யாணத்தன்னிக்கு நான் தாலி கட்டறேன். ரெண்டு முடிச்சுப் போட்டாச்சு. கை இறுகுது அவளுக்கு, கண்ணு மேல சொருகுது. ஓமப் பொக ஒத்துக்கலன்னு ஒங்கம்மா கத்துறாங்க. நீங்க எனக்குப் பின்னாடியேர்ந்து கைய நீட்டி, ஒங்க இடுப்புலேர்ந்து உருவுன இந்தக் கொத்த அவ கையில வச்சு அமுக்குனீங்க. எங்க பக்கத்துலயும் வலிப்புக்கு இரும்புதான் குடுப்பாங்க. அத்தன அவசரத்துலயும் ஒங்க கை நடுங்கல. பழகுன கையின்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

எந்திரிச்சுப் போயிருக்கலாம். ஒரு முடிச்சு பாக்கி இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்.

அட, எதுக்கு இப்ப மூக்க உறிஞ்சறீங்க, காப்பி ஆறுது. நாலு மணிக்கு கிளாங்கு வண்டி. ஒரு டிக்கெட்டா ரெண்டு டிக்கெட்டா, நீங்களே சொல்லுங்க.

ஒண்ணா? சரி.

இருங்க, கொடம் இடிக்கற சத்தம் கேக்குது, வந்துட்டா. சாவிய மடில சொருகுங்க மச்சான், ஒங்க கையில பாத்தா சங்கடப்படுவா. தேங்காய மட்டும் முன்னாடி தள்ளி வைங்க.